பல்லிப்பிடி

மயிலாப்பூர்ப் பள்ளியின் விஞ்ஞான அறைக் கண்ணாடியில் மாலை வெயில் வழிகிறது. மாணவிகள் செய்த பசைகள் ஒவ்வொன்றாய், அந்தக் கண்ணாடியில் ஒட்டித் தொங்கவிட்ட எடைக்கல்லைக் கைவிட்டுவிட்டன. அல்போன்சாவின் வில்வப்பிசின்தான் முதலில் விட்டு மானத்தை வாங்கியது. “இப்போ ஆண்டவர் செஞ்ச பசையைப் பாப்போம்,” என்று ராஜநாயகம் வாத்தியார், அவள் பிடித்து வந்த பல்லியைக் கண்ணாடியில் விட்டு, வாலில் நூல்கட்டிக் கல்லைத் தொங்கவிடுகிறார். கல் பொத்தென்று விழுகிறது, வாலோடு. மேசையில் வால் துள்ளித் துள்ளி நூலைச் சுற்றிக்கொள்கிறது. பல்லி கண்ணாடியை விடவில்லை. தொண்டை மட்டும் படபடக்கிறது. வாத்தியார் கைதட்டுகிறார். “உடும்பு தோத்துது போ! பெரிய கல்லா எடும்மா.” “வால் பூடுச்சே, சார்,” என்கிறாள் அல்போன்சா. அழப்போகிறாள் என்று வகுப்பே அவளைப் பார்க்கிறது. அவள் புதுநூலில் சுருக்குப் போட்டு நீட்டுகிறாள். “கழுத்துல மாட்டலாமா?”