மூன்றாவது போர்டு

இரண்டு மணிக்கு முதல் ஷிப்ட் முடிந்ததும் எல்லோரும் தாம்பரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். வெண்ணிலா மட்டும் டெஸ்ட் பெஞ்சுக்குப் போனாள்.

லைனில் பக்கத்து இடத்து ஷர்மிளா ஓடவில்லை.

"பஸ் போனா இன்னா, வேற பஸ்ஸா இல்ல? நீ முடிச்சுக்கினு வா. கேட்டாண்ட குந்திகினு கீறேன்."

வெண்ணிலா உட்கார்ந்தாள். விடிகாலையிலிருந்து நின்ற கால்கள். உட்கார்ந்த பிறகுதான் வலியே தெரிந்தது.

நம்பர் போட்ட கழுத்து அட்டையைக் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டாள். தொங்கவிட்டால் குனியும்போது போர்டில் உரசும்.

மறைமலை நகரில் கார் ஸ்டீரியோ செய்யும் அந்தக் கம்பெனியில் டெக்னீஷியன் வேலை ஒன்றே ஒன்று காலி. நிரந்தர வேலை. ஐந்து வருடம் கான்ட்ராக்டில் ஈயம் பற்றவைத்ததும், மாலையில் தாம்பரம் போய் பாலிடெக்னிக் படித்ததும், இரண்டு மாதம் முன்பு டிப்ளமா வாங்கியதும் இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான்.

பழுதாகித் திரும்பி வந்த மூன்று போர்டுகள். மூன்றிலும் கோளாறைக் கண்டுபிடித்து ரிப்போர்ட் எழுத வேண்டும்.

தேர்வு வைக்கும் தோத்தாத்ரி சார் தலைமை அலுவலகத்திலிருந்து அன்று காலைதான் வந்திருந்தார். லைனில் யாரையும் அவருக்குத் தெரியாது.

"கோளாறை மட்டும் எழுதினா போதாதும்மா. யார் கை பட்டதுன்னு ஆப்பரேட்டர் நம்பரும் எழுதணும்."

முதல் இரண்டும் சுலபம். ஒன்றில் ஃபியூஸ் போயிருந்தது, மற்றதில் கெப்பாசிட்டர் உப்பியிருந்தது. பொருளின் குற்றம். யார் நம்பரும் எழுத வேண்டியதில்லை.

மூன்றாவது, பாடியது, நின்றது, மறுபடி பாடியது. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் ஒவ்வொரு இடமாக லேசாகத் தட்டிக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் பாட்டு சட்டென்று செத்தது.

லென்ஸ் வைத்துப் பார்த்தாள். டிரை சால்டர். பார்வைக்கு ஈயம் ஒட்டியிருக்கும், உள்ளே பிடித்திருக்காது. தூக்கக் கலக்கத்தில் சால்டரிங் அயர்னை ஒரு விநாடி முன்னால் எடுத்தால் வருகிற கோளாறு.

கால் வலி மறந்துபோனது. கொஞ்ச நேரம் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தாள்.

ஓரத்தில் முத்திரை இருந்தது. 114. ஏப்ரல் 21.

சந்தோஷம் போயிற்று.

114 மீது ஏற்கெனவே இரண்டு ரிப்போர்ட். மூன்றாவது ஏறினால் அன்றைக்கே வாசலைக் காட்டிவிடுவார்கள். அழுது பிரயோஜனமில்லை. போன மாதம் ஒருத்தி அழுது பார்த்தாள்.

114-ன் கதை அவளுக்குத் தெரியும். கோவளத்தில் கூடை சுமந்து மீன் விற்கும் அம்மா. இடுப்பு ஒடிந்து கடலுக்குப் போவதை நிறுத்திய அப்பா. ராஜகீழ்ப்பாக்கத்தில் நான்கு பெண்களோடு ஒரே அறை. எப்போதுதான் தூங்குகிறாளோ.

115 ஷர்மிளா. இதுவரை ஒரு ரிப்போர்ட்கூட வாங்காதவள். ஒன்று ஏறினால் அவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான்.

ஸ்பிரிட் நனைத்த பஞ்சு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முத்திரை மேல் ஒரு தேய்ப்பு. அப்புறம் எந்த நம்பரை எழுதினாலும் கேட்பாரில்லை.

பஞ்சை எடுத்தாள்.

ஜன்னல் வழியே கேட் தெரிந்தது. ஷர்மிளா வாட்ச்மேனின் ஸ்டூலைப் பிடுங்கிப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

பஞ்சில் ஸ்பிரிட் காய்ந்துபோகும்வரை வெண்ணிலா அதைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கீழே வைத்துவிட்டு 114 என்று எழுதினாள். இன்னொரு முறை யோசிக்க உடம்பில் தெம்பு இல்லை.

தோத்தாத்ரி சார் ரிப்போர்ட்டைப் படித்தார். "மூணும் கரெக்ட். வெரிகுட்."

பிறகு அந்த போர்டை லென்ஸுக்குக் கீழே திருப்பிப் பார்த்தார்.

"தூங்கிண்டே பண்ணின மாதிரின்னா இருக்கு. யாரும்மா இந்த 114?"

வெண்ணிலா கோட்டுப் பைக்குள்ளிருந்த அட்டையை எடுத்து வெளியே தொங்கவிட்டாள்.

"அதுக்கு முந்தின நாள் பரீட்சை இருந்துச்சு சார். ஃபால்ட் ஃபைண்டிங் பேப்பர்."