சிவப்புக் குமிழ்

அவள் கணவரின் ஆள்காட்டி விரலை மெல்லப் பிரித்து நிமிர்த்தினாள்.

மடிக்கணினியின் விசைப்பலகைக்கு நடுவே, ஜி, ஹெச், பி எழுத்துகளுக்கு இடையில், ஒரு சிவப்புக் குமிழ். மிளகைவிடக் கொஞ்சம் பெரியது.

விரலை அதன் மேல் வைத்தாள். மணிக்கட்டைத் தன் கையால் தாங்கிக்கொண்டாள்.

விரல் அங்கேயே இருந்தது. வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிற விரல்.

கட்டிலின் அந்தப் பக்கம் மகள் மிதுனா. திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எல்லாம் மகளின் யோசனை. டச்பேடு என்றால் விரலை இழுக்க வேண்டும். மவுஸ் என்றால் கையே நகர வேண்டும். இதற்கு ஒன்றும் வேண்டாம். லேசாக ஒரு பக்கம் அழுத்தினால் போதும், திரையில் இருக்கும் அம்பு அந்தப் பக்கம் போகும்.

அவர் கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒரு நாள் சொல்லியிருந்தாள். "இந்த வெரல்ல மட்டும் ஏதோ அசைவு இருக்கற மாதிரி தெரியுதுங்க."

அந்த 'மாதிரி'யைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வீடு ஓடுகிறது.

திரையில் இரண்டு பெரிய கட்டங்கள். இடது பக்கம் 'ஆமா'. வலது பக்கம் 'இல்ல'. மேலே மிதுனா தட்டி வைத்திருந்த கேள்வி.

அப்பா, நாங்க பேசறது கேக்குதுங்களா?

அம்பு நடுவில் நின்றது.

ஆடி மாதம் குளியலறையில் விழுந்தவர். அதற்குப் பிறகு கண் திறந்தது. மின்விசிறியைப் பார்க்கிறது. கண்தான் பார்க்கிறது. உள்ளே அவர் இருக்கிறாரா என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

பம்பு கம்பெனியில் டெண்டர் எழுதிய மனிதர். தட்டும்போது கை விசைப்பலகையை விட்டு நகரக்கூடாது, அது அவர் கொள்கை. உள்ளங்கை படுகிறதென்று டச்பேடை அணைத்தே வைத்திருந்தார். தெரியாமல் யாராவது அதைத் தேய் தேய் என்று தேய்த்தால் பார்த்து ரசிப்பார். கம்பெனியில் புதிதாக ஒரு மடிக்கணினி கொடுத்தார்கள். குமிழ் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

குமிழின் ரப்பர் தொப்பி தேய்ந்துபோகும். மாற்றுத் தொப்பிகளை அவளுடைய குங்குமச் சிமிழில் போட்டு வைத்திருந்தார். இருந்த குங்குமத்தைக் கொட்டிவிட்டு. அன்றைக்கு அவள் போட்ட சத்தம் சிங்காநல்லூர் முழுக்கக் கேட்டிருக்கும்.

அவள் மவுஸ் கட்சி. "உன்ற எலிய எடுத்துக்கிட்டு அக்கட்டால போ புள்ள" என்பார்.

இன்று காலை அந்தச் சிமிழைத் தேடி எடுத்து, புதுத் தொப்பி மாட்டியது அவள்தான்.

அம்பு அசைந்தது.

"அம்மா!"

மெதுவாக. இடது பக்கம்.

"நகத்துறாருங்கம்மா! அப்பா நகத்துறாரு!"

மிதுனா அழுதுகொண்டே சிரித்தாள். இந்த வீட்டில் யாரும் சிரித்து வெகுநாளாகிறது.

அவளும் சிரித்திருப்பாள். ஒரு நாள் அந்தக் கணினியில் பழனிக்கு டிக்கெட் போட உட்காராமல் இருந்திருந்தால்.

அன்று குமிழில் விரலை வைத்தபடியே அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். பார்த்தால், அம்பு தன்பாட்டில் ஊர்கிறது. பேய் பிடித்துவிட்டது என்று கத்தினாள். அவர் காபி டம்ளரோடு எட்டிப் பார்த்தார்.

"ஒரே எடத்துல வெரல வெச்சுட்டே இருந்தா அப்படித்தான் புள்ள, அதுவே ஊரும். கைய எடு. கொஞ்ச தூரம் ஓடிட்டு நின்னுக்கும்."

எடுத்தாள். விரலே இல்லாமல் அம்பு இன்னும் கொஞ்சம் போனது. பிறகு நின்றது.

இப்போது அம்பு 'ஆமா'வை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அவர் விரலைப் பார்த்தாள். அழுத்துகிறதா, சும்மா கனக்கிறதா, தெரியவில்லை.

முகத்தைப் பார்த்தாள். கண் மின்விசிறியில்.

விட்டுவிடலாம். தூக்கிப் பார்க்காவிட்டால் தெரியவே தெரியாது. தெரியாமல் இருந்ததால்தான் இத்தனை நாள் தொண்டையில் சோறு இறங்கியது.

ஆனால் கை பொறுக்கவில்லை.

தூக்கியதும் அம்பு நின்றால், இவ்வளவு நேரம் தள்ளியது அவர்.

மிதுனா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அவருடைய விரலைக் குமிழிலிருந்து தூக்கினாள். அரை அங்குலம் இருக்கும். காற்றில் பிடித்துக்கொண்டாள்.

நில்லு, நில்லு என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

அம்பு நிற்கவில்லை.

ஊர்ந்துகொண்டே போனது. கட்டத்தின் விளிம்பைத் தொட்டது. உள்ளே நுழைந்தது. 'ஆமா'வின் மேல் போய் நின்றது.

"ஆமாங்கறாருங்கம்மா! நாம பேசறது அப்பாவுக்குக் கேக்குதுங்கம்மா!"

மிதுனா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

மகள் முகத்திலிருந்து கையை எடுப்பதற்குள் அவர் விரல் குமிழின் மேல் பழையபடி வந்துவிட்டிருந்தது.

மிதுனா குனிந்து அப்பாவின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அந்த விரலுக்கும் ஒன்று கொடுத்தாள். அம்பைத் திரும்ப நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"அடுத்து என்னங்கம்மா கேக்கட்டும்?"



"உனக்கு என்ன வேணுமோ கேளு கண்ணு."

தன் விரலை அவர் விரலின் மேல் வைத்துக்கொண்டாள். இடது பக்கமாகத் தள்ளத் தோதாக.