மஜீத் பாயின் டார்ச்

"அந்த டார்ச் பாய் மட்டும் இருக்கட்டும், இன்னிக்கி நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்" என்றார் குமாரவேல்.

"முப்பது வருசமாச்சு. உங்களுக்கு இன்னுமா ஆறல?" மனைவி ரஞ்சிதம் சிரித்தாள்.

புதுச்சேரி சாரத்துத் தியேட்டரில் அன்றுதான் கடைசி மேட்னி. அடுத்த வாரம் இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டப் போகிறார்கள். கீற்றுக் கொட்டகையாக இருந்தபோது மணலில் உட்கார்ந்து பார்த்தவர்கள், பெஞ்சு டிக்கெட்டுக்குச் சட்டை கிழிந்தவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் தொண்டை கரகரத்தது. பத்து வருடமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கரகரத்தது.

குமாரவேலின் கோபம் நியாயமானதுதான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுக்குத் தெரியாமல் இருவரும் இதே பால்கனியில் படம் பார்த்தார்கள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் மூஞ்சியில் டார்ச் அடித்து, "எழுந்திரு, வெளிய போ" என்று துரத்திவிட்டார் டிக்கெட் கிழிக்கும் மஜீத் பாய்.

நல்லவேளை, இரண்டே மாதத்தில் ரஞ்சிதத்தின் அப்பாவே தரகரை அனுப்பி, இவரையே மாப்பிள்ளை கேட்டார். எல்லாம் மணக்குள விநாயகர் செயல் என்று இருவரும் இன்றுவரை நம்பினார்கள்.

பாய் வாசலில்தான் நின்றிருந்தார். தாடி நரைத்திருந்தது. கையில் அதே டார்ச்.

"பாய், எங்களை ஞாபகம் இருக்கா? டிக்கெட் வாங்கித்தான உக்காந்திருந்தோம்? திருடனைத் துரத்துற மாதிரி துரத்துனீங்களே!"

பாய் ரஞ்சிதத்தை உற்றுப் பார்த்தார். "நீ மளிகைக்கடை கமலக்கண்ணன் பொண்ணுதானம்மா?"

"ஆமா பாய். அப்பா தவறி ரெண்டு வருசமாச்சு. அவரை எப்படித் தெரியும்? சினிமான்னாலே அவருக்கு ஆவாதே. டிவியில பாட்டு வந்தாகூட அணைச்சிடுவாரு."

பாய் சிரித்துவிட்டார். "வெள்ளிக்கிழமையானா மதியம் கடையைச் சாத்திட்டு இங்கதாம்மா வருவாரு. பால்கனியில கடைசி வரிசை, தூண் ஓரம்."

ரஞ்சிதம் பால்கனிப் படியை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்ப..." குமாரவேலின் குரல் இறங்கிவிட்டது. "மாமா கண்ணுல நாங்க பட்டுடக்கூடாதுன்னுதான் துரத்துனீங்களா?"

"இல்ல தம்பி. முதல்ல பார்த்ததே அவருதான். என் கையைப் புடிச்சிக்கிட்டு, 'பாய், இடைவேளைக்கி லைட்டு போட்டா தெருவே பார்த்துடும். எம் பொண்ணு தலை குனிஞ்சி நிக்கக்கூடாது. அதுக்குள்ள வெளிய அனுப்பிடு'ன்னாரு. நீங்க படி இறங்குற வரைக்கும் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. தான் இருக்குற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டாரு."

ரஞ்சிதம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குமாரவேல் தரையைப் பார்த்தார்.

பாய் டார்ச்சை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்புறம், அந்தப் பையன் யாருன்னு விசாரிக்கச் சொன்னாரு. இங்க நம்ம மேட்டுப்பாளையம் கம்பெனியில வேலை, தங்கமான பையன், நம்பிக் குடுக்கலாம்னு போய் சொன்னதும் நான்தான் தம்பி."