கூட்டாமல் குறைக்காமல்

"சாட்சி சொல்றதைக் கூட்டாம குறைக்காம அப்படியே சொல்லோணுமுங்க. சத்தியம் பண்ணியிருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும்," என்றார் வக்கீல் திருமூர்த்தி.

"இருக்குதுங்க சார்," என்றாள் மொழிபெயர்க்க வந்த அபிராமி. "ஒரே ஒரு அனுமதி வேணுமுங்க. சாட்சிக்கு நேர் எதிரா நின்னுக்கறேன்."

நீதிபதி தலையசைத்தார்.

திருப்பூரில் இந்தி, ஒடியா, வங்காளம் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? ஏதாவது ஒரு பனியன் கம்பெனி வாசலில் நின்றால் போதும், ஆள் கிடைப்பார்கள். ஆனால் சாட்சிக் கூண்டில் நின்ற ரைசாவின் மொழி அந்தக் கோர்ட்டில் அபிராமி ஒருத்திக்குத்தான் தெரியும். ஒரு சொல் பிசகினாலும் திருத்த ஆள் கிடையாது.

வழக்கு இதுதான். கம்பெனியின் துணி குடோனில் தீப்பிடித்தது. மதுரை உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த ஒச்சாயி உள்ளே புகையில் மூச்சு முட்டிச் செத்துப்போனாள். ஷிப்மென்ட் முடியாமல் வீட்டுக்குப் போகக் கூடாதென்று சூப்பர்வைசர் தனபால் அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டான் என்பது புகார். கதவு பூட்டப்படவே இல்லை என்று சாதித்தார் தனபாலின் வக்கீலான திருமூர்த்தி. பார்த்த ஒரே ஆள் ரைசா. அவள் சாட்சி நிற்காவிட்டால் தனபால் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான்.

"தீப்பிடிச்சப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

கேள்வியை அபிராமி ரைசாவிடம் சேர்த்தாள். பதில் வந்தது. 'அவள் வெளியே நின்றாளாம்' என்றெல்லாம் சொல்லக் கூடாது. சாட்சியின் வாயாகவே மாறி, 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும்.

"நான் வெளிய, ஜன்னல் பக்கமா நின்னேனுங்க."

"கதவைப் பூட்டுனதைக் கண்ணால பார்த்தீங்களா?"

இந்தக் கேள்வியையும் அபிராமி சேர்த்து முடித்தாள். மின்சாரம் போய்விட்டது. மழைக்காக ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்ததால், எதிரில் நிற்பவர் முகம்கூடத் தெரியவில்லை.

"இன்வெர்ட்டர் என்னாச்சு? யாராச்சும் போய்ப் பாருங்க," என்றார் நீதிபதி.

அதற்குள் பதில் வரத் தொடங்கிவிட்டது. இவ்வளவு நேரம் தயங்கித் தயங்கி வந்த பதில் இப்போது மடமடவென்று வந்தது. அதை நிறுத்த அபிராமிக்கு ஏது உரிமை?

"நான் உள்ளுக்குள்ள இருந்தேன்," என்றாள்.

"வெளிய நின்னதாத்தானே சொன்னீங்க?" திருமூர்த்தி சீறினார்.

அபிராமிக்கும் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் சந்தேகப்படுவது அவள் வேலை இல்லையே.

"கதவைத் தட்டுனேன். 'அண்ணே, தொறந்து விடுங்கண்ணே, கண்ணெல்லாம் எரியுது'ன்னு கத்துனேன். 'வேலையை முடி புள்ள, அப்புறம் தொறக்கறேன்'னு சிரிச்சீங்க. சாவிக்கொத்து சத்தம் தள்ளித் தள்ளிப் போனது எனக்குக் கேட்டுச்சு. அண்ணே, இன்னும் எரியுதுண்ணே..."

காங்கயத்துக்காரியான அபிராமியின் வாயில் மதுரைப் பேச்சு எப்படி வந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. குற்றவாளிக் கூண்டு தடதடவென்று ஆடும் சத்தம்தான் கேட்டது.

"நிறுத்தச் சொல்லுங்க! நாந்தானுங்க பூட்டுனேன்! தீப்பிடிக்கும்னு எனக்குத் தெரியாதுங்க சாமி! அவளை நிறுத்தச் சொல்லுங்க!" என்று அலறினான் தனபால்.

விளக்கு எரிந்தது. தனபால் தரையில் குந்தி, காதுகளைப் பொத்திக்கொண்டு நடுங்கினான். ரைசா இரண்டு கைகளாலும் கூண்டின் கட்டையை இறுகப் பிடித்தபடி, நடந்தது எதுவும் புரியாமல் மிரள மிரள விழித்தாள்.

நீதிபதி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, சாட்சிக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராது. அந்த இருட்டுல அவங்க கைஜாடையை எப்படிம்மா பார்த்தீங்க?"

இருட்டில் அபிராமி எதையும் பார்க்கவே இல்லை. காதோரமாக ஒரு பெண் சொல்லச் சொல்ல, அதைத்தான் கூட்டாமல் குறைக்காமல் திருப்பிச் சொல்லியிருந்தாள்.