பச்சை விளக்கு

குடியுரிமைத் தேர்வில் கனடாவின் ஆரம்பகாலக் கவிதைகளின் மறுபதிப்பை வாசிக்க வேண்டும். மனம் உருகுகிறதா என்று கையில் கட்டிய பட்டி பார்த்துக்கொண்டிருக்கும். யசோதினி இரண்டு முறை தோற்றிருந்தாள். இம்முறையும் தோற்றால் கணவனையும் இங்கே பிறந்த மகளையும் விட்டுவிட்டு ஊருக்குப் போகவேண்டியதுதான்.

இம்முறை கிடைத்த கவிதையில், அந்தக் காலத்தில் கப்பலில் கனடா வந்திறங்கிய ஒருவன், தான் விட்டுவந்த கடற்கரையை நினைத்துப் பாடியிருந்தான். அவள் விம்மி அழுதுவிட்டாள். பட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அதிகாரி எழுந்து சான்றிதழைத் தந்து கைகொடுத்தார். "இனி நீங்கள் முழுக் கனடியர்."

வெளியே காத்திருந்த கணவன் துள்ளினான். "பாத்தீரே! நான் சொன்னமாதிரிப் பனியைத்தானே நினைச்சனீர்?"

"இல்லையப்பா, எங்கட பருத்தித்துறைக் கடற்கரையை."

"உஷ், மெல்லக் கதையும்!"

"அந்தப் பாட்டு எழுதின மனுசனும் தன்ர ஊரைத்தானே நினைச்சவர்? அப்ப நாங்கள் ரெண்டுபேரும் எந்த நாட்டுக்காக அழுதனாங்கள்?"

அவன் சான்றிதழை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.