மிச்சமான கப்ளர்

எல்லாம் மாட்டி முடித்த பிறகு ஒரு கப்ளர் மட்டும் மிச்சமாகத் தொங்கியது.

ஒயர் நுனியில் கறுப்பாக, கட்டைவிரல் அளவில், உள்ளே ஊசி மாதிரி இரண்டு பின்னோடு. இது எங்கிருந்து வந்தது, எதில் போய் மாட்ட வேண்டும்? பெரிய மாப்பிள்ளை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். அதற்கு ஜோடி எங்கேயும் இல்லை.

டீசல் பில்டர் மாற்றுவதெல்லாம் அவனுக்கு ஒரு வேலையா? லாரி ஷெட்டில் பதினைந்து வருஷம் குப்பை கொட்டியவன். ஆனால் அவன் கைபட்ட பழைய லாரிகளில் பில்டருக்கு ஒயரே கிடையாது. மாமனாரின் இந்த வேன் புது மாடல். பழைய பில்டரைக் கழற்றும்போது எதையோ பிடுங்கிய மாதிரி ஒரு ஞாபகம். கவனம் அப்போது கையில் இல்லை, வயிற்றெரிச்சலில் இருந்தது.

வயிற்றெரிச்சலுக்குக் காரணம் சகலை.

ஒன்பது வருஷம் இந்த வீட்டுக்கு அவன் ஒருவன்தான் மாப்பிள்ளை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மச்சினிச்சியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான், வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிற ஒருத்தன். அன்றிலிருந்து மாமியார் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார். வீட்டில் ஒரு பல்பு கண் சிமிட்டினால் போதும், சின்ன மாப்பிள்ளைக்குப் போன் பறக்கும். அட, பெரியவன் பெற்ற பிள்ளைகளே சித்தப்பா வந்தால்தான் சிரிக்கிறார்கள்!

இந்த மாசத்தோடு மாமனார் வேன் ஓட்டுவதை நிறுத்துகிறார். வண்டியை யார் பொறுப்பில் விடப்போகிறார் என்று இன்னும் வாய் திறக்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில், பில்டர் மாற்ற அவர் தன்னைக் கூப்பிட்டதும் பெரியவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. குளிக்காமல்கூட ஓடி வந்தான்.

வந்த இடத்தில் இந்தச் சனியன் பிடித்த கப்ளர்.

டீசல் குழாயில் புகுந்த காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தான். உடனே பிடித்துக்கொண்டது. சரி, டேப்பைச் சுற்றி உள்ளே சொருகிவிடலாம் என்று டேப்பைத் தேடும்போது, மாமனார் பின்னால் வந்து நின்றார்.

"அது என்ன மாப்ள தொங்குது?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? சின்னவனைக் கூப்பிடுவார். அவன் வந்து ஒரு நிமிஷத்தில் மாட்டிவிட்டுப் போவான். ராத்திரி சாப்பாட்டில் அதுதான் பேச்சாக இருக்கும்.

"அதுவா மாமா, போன மாசம் சின்னவரு ஹாரன் மாத்துனாருல்ல, அவசரத்துல மாட்டாம விட்டுட்டாரு போல. நல்ல வேளை, என் கண்ணுல பட்டுச்சு."

சொல்லி முடித்ததும் மனசுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. மாமனாருக்கு என்ன தெரியப்போகிறது? அவருக்கு ஓட்டத் தெரியும். மற்றதெல்லாம் கம்பெனிக்காரன் பார்த்திருப்பான்.

மாமனார் "ஓஹோ" என்றார். போனை எடுத்துச் சின்ன மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

போச்சுடா.

கால்மணி நேரத்தில் அவன் பைக்கில் வந்து இறங்கினான், மடிப்புக் கலையாத சட்டையோடு. மாமனார் விஷயத்தைச் சொன்னார். அவன் எதிர்ப்பேச்சு பேசவில்லை. குனிந்து கப்ளரைத் திருப்பி உள்ளே டார்ச் அடித்தான். உள்ளே இருந்த இரண்டு பின்னும் பளபளவென்று இருந்தன. ஒரு மாசம் திறந்து கிடந்ததாகச் சொன்ன கப்ளருக்குள் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

பிறகு தரையில் தட்டுக்குள் கிடந்த பழைய பில்டரைப் பார்த்தான். பெரியவனும் அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தான்.

அதன் அடியில் பிளாஸ்டிக்கில் ஒரு சின்ன மூக்கு. டீசலில் தண்ணீர் சேர்ந்தால் காட்டிக்கொடுக்கிற சென்சார். பழைய பில்டரிலிருந்து திருகி எடுத்துப் புதியதில் மாட்டியிருக்க வேண்டும். கப்ளரின் ஜோடி அதுதான்.

சின்னவன் இடத்தில் தான் இருந்திருந்தால் இந்நேரம் ஊரையே கூட்டியிருப்பான் என்று பெரியவனுக்குத் தெரியும்.

சின்னவன் எழுந்தான். சகலையின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"ஆமா மாமா, நான்தான் மாட்டாம விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான். அண்ணன் பாத்ததால ஆச்சு."

பழைய பில்டரை ஒரு துணியில் சுற்றி வேனுக்கு அந்தப் பக்கம் கொண்டு போனான். சென்சாரைக் கைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பி வந்து புதிய பில்டருக்கு அடியில் கையை விட்டான். கொஞ்ச நேரம் ஸ்பானர் சத்தம். டிக்கென்று கப்ளர் உட்கார்ந்தது.

பெரியவனுக்கு நன்றி எதுவும் வரவில்லை. பாவி, இதிலும் நல்ல பெயரை அவனே தட்டிக்கொண்டு போகிறானே என்று பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனாலும் ஒரு ஆறுதல். மாமனார் காதில் விழுந்தது, தப்பு சின்னவன் மேல் என்றுதான். இனி வேன் அவன் கைக்கு எப்படிப் போகும்?

மாமனார் சட்டைப்பையிலிருந்து வேன் சாவியை எடுத்தார். சின்னவன் கையில் வைத்து, அடுத்த மாசத்திலிருந்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

பைக் தெருமுனை திரும்புகிறவரைதான் பெரியவனால் பொறுக்க முடிந்தது.

"தப்பு பண்ணுனவருகிட்டயா மாமா சாவியைக் குடுப்பீங்க?"

மாமனார் டீசல் தட்டைக் காலால் ஓரமாக நகர்த்தினார்.

"போன வருஷம் இந்த பில்டரை நான்தான் மாத்துனேன், மாப்ள. அந்த சென்சாரைத் திருகி எடுக்கறதுக்குள்ள என் விரலே போச்சு."