எடைச் சீட்டு

ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் ஆயில் மூடியைக் கழற்றி, அந்த ஓட்டையின் மேலேயே கவிழ்த்து வைத்தார் அவர்.

தேய்ந்த இன்ஜினாக இருந்தால் துள்ளும். மூடி துள்ளவில்லை.

"பார்த்தியா? கல்லு மாதிரி இருக்குது இன்ஜின்."

அவளும் பார்த்தாள். மூன்று மாதமாக இதே பேச்சுதான். பொள்ளாச்சி ரோட்டில் பழைய டீசல் வண்டி விற்கிற இடம் ஒன்று பாக்கியில்லை. புகை கறுப்பாக வந்தால் ஆகாது. கிளட்ச் வழுக்கினால் ஆகாது.

பட்டறையில் சக்கரம் வைத்த சின்ன வீடு ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அதைப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு பத்து நாள் ஊர் சுற்றப்போகிறார்கள். ராமேஸ்வரம், கன்னியாகுமரி. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து.

அதன் ஜன்னலுக்குத் திரை தைத்ததே அவள்தான்.

"வீடு எண்ணூறு கிலோன்னீங்க. உள்ளே சாமான் எத்தனைங்க சார்?" என்றார் வண்டி விற்கிற குமரேசன். "அதைச் சொன்னா, இந்தப் பெருசு வேணுமா, பக்கத்துல நிக்கற சின்னதே போதுமான்னு பார்த்துப்போடலாம்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். மில் ஸ்டோரில் முப்பத்து நாலு வருஷம் எடை பார்த்தவர். அதே குரலில் வாசித்தார்.

"கட்டில் எழுபது. பிரிட்ஜ் நாற்பத்தெட்டு. கிரைண்டர் பதினேழு. பீரோ தொண்ணூறு."

பீரோவா?

"தையல் மிஷின் முப்பத்தொண்ணு."

போன வாரம் மிஷினைத் தூக்கி, மில்லிலிருந்து இரவல் வாங்கி வந்த மேடைத் தராசில் வைத்திருந்தார். கேட்டதற்கு, அடியில் கூட்டுகிறேன் என்றார். அவளும் விளக்குமாற்றை எடுத்துக் கொடுத்தாள்.

குமரேசன் சிரித்தார். "ஏனுங் சார், பத்து நாளைக்கா இத்தனை? வீட்டையே காலி பண்ணீட்டுப் போறாப்பல இருக்குதுங்களே!"

"வீட்டுக்குத்தான் வாடகைக்கு ஆள் பார்த்தாச்சே. இனிக் குடித்தனம் அந்தச் சக்கர வீட்டுலதான். தை பத்தாம் தேதி சாவி குடுக்கோணும்."

குமரேசனிடம்தான் சொன்னார். அவள் பக்கம் திரும்பவில்லை.

அவளுக்கு இன்ஜின் எங்கேயோ தூரத்தில் ஓடுகிற மாதிரி இருந்தது.

எதிர்வீட்டு ராசாத்தியின் ஜாக்கெட் ஒரு கையோடு மிஷினில் கிடக்கிறது. பொங்கலுக்கு வேண்டுமென்று கேட்டிருந்தாள்.

"யாரைக் கேட்டுங்க முடிச்சீங்க?"

"உங்கிட்டச் சொன்னா வேண்டாம்பே. அதான்."

குமரேசன் டயரைப் பார்க்கிறவர் போல அந்தப் பக்கம் நகர்ந்தார்.

அவள் கையை நீட்டினாள். அவர் கொஞ்சம் யோசித்து, தாளைக் கொடுத்தார்.

குண்டு குண்டான எழுத்து. வீடு முழுக்க அதில் இருந்தது. அரிவாள்மனை கூட.

கடைசி வரி:

தெய்வானை 61.

அவளையும் ஏறி நிற்கச் சொன்னார் அன்றைக்கு. "சும்மா பார்ப்போம், ஏறு." சிரித்துக்கொண்டே ஏறினாள். தராசின் முள் தெரியட்டுமென்று புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இளைச்சுட்டே," என்றார்.

எத்தனை நாள் கழித்து அப்படி ஒரு வார்த்தை.

அவர் பையிலிருந்து பேனாவை உருவினாள். தாளை வண்டியின் பானெட் மேல் வைத்தாள். இன்ஜின் அதிர்வில் தாள் நடுங்கியது. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

பீரோ. அடித்தாள்.

கிரைண்டர். அரிவாள்மனை. தையல் மிஷின்.

துணியில் சாக்பீஸ் போடுகிற மாதிரி, நேர்கோடு.

கடைசி வரியில் கை நின்றது.

"ஏய்," என்றார் அவர்.

அதையும் அடித்தாள்.

தாளைக் குமரேசனிடம் நீட்டினாள்.

"இப்பக் கூட்டிப் பாருங்க. அந்தச் சின்ன வண்டியே போதும்."